ஒரு தளம் கைமாறும்போது எது விற்கப்படுகிறது?

கேள்வி இது: “பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நம்பிப் படித்த ஆங்கிலத் தளங்கள் பலவற்றில் இப்போது பெயர் மட்டும்தான் பழையது. எதைத் தேடினாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி கட்டுரைகள் வருகின்றன. கூகுள் தன் தேடலை அடிக்கடி மாற்றுவதால் இப்படி ஆனதா, இல்லை பெரிய கம்பெனிகள் தளங்களை வாங்கிக் குவிப்பதால் ஆனதா?”

இணையப் பதிப்புத் துறையில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் என் பதில்: இரண்டும் ஒரே கதைதான். எந்தத் தளத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதைப் பெரும்பாலும் தேடுபொறி முடிவு செய்கிறது. அந்தக் கூட்டத்தை வைத்துத்தான் தளத்துக்கு விலை. ஆகவே கூகுள் தன் அளவுகோலை மாற்றும்போதெல்லாம் எந்தத் தளத்தை வாங்கினால் லாபம் என்ற கணக்கும் மாறுகிறது. வாங்கியவர்கள் அந்த அளவுகோலுக்கு ஏற்றபடி தளத்தை மாற்றுகிறார்கள். அதைப் பார்த்துக் கூகுள் மறுபடி அளவுகோலைத் திருத்துகிறது. இருபது வருடங்களுக்கு மேலாக இதுதான் நடக்கிறது.

தொடக்கம் இணைப்புகளை எண்ணியதில் இருக்கிறது. 1995 கடைசியில் வந்த ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் பக்கத்தில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தன. ஏமாற்றுவது சுலபம். வேண்டிய சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்தால் வேலை முடிந்தது. 1998-இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் தொடங்கிய கூகுள் வேறு வழியில் போனது. ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தது. கொடுத்தவர் மதிப்புள்ளவர் என்றால் அந்த லிங்குக்கு எடை கூடுதல். அந்தக் காலத்துக்கு அது பிரமாதமான யோசனை.

ஆனால் அதில் ஒரு விளைவு ஒளிந்திருந்தது. அந்த லிங்குகள் எழுதியவர் கணக்கில் சேர்வதில்லை, தளத்தின் முகவரியில் சேர்கின்றன. பத்து வருடம் உழைத்து எழுதியவர் வேலையை விட்டுப் போகலாம். அவர் எழுத்தை மெச்சிப் பல்கலைக்கழகங்களும் பத்திரிகைகளும் வலைப்பதிவர்களும் கொடுத்த லிங்குகள் அந்த டொமைனோடு, அதாவது அந்த முகவரியோடு, தங்கிவிடும். டொமைனை விற்கலாம், வாங்கலாம். நன்றாக ஓடுகிற ஓட்டலைப் பெயர்ப்பலகையோடு வாங்கிவிட்டு, மாஸ்டரைக் கணக்கு முடித்து அனுப்புவது போலத்தான். ஓட்டலுக்கு வருகிறவர்கள் இரண்டு தடவை சாப்பிட்டதும் கண்டுபிடித்துவிடுவார்கள். இணையத்தில் வருகிறவர்களோ பெரும்பாலும் முதல் தடவை வருகிறவர்கள், தேடல் அனுப்பி வைத்தவர்கள். அவர்களுக்கு முன்பு ருசி எப்படி இருந்தது என்று தெரியவே தெரியாது.

அபவுட்.காம் என்ற தளத்தின் கதையைச் சொன்னால் மீதி விளங்கும்.

1996-இல் நியூயார்க்கில் ஸ்காட் கர்னிட் என்பவர் ‘தி மைனிங் கம்பெனி’ என்ற பெயரில் இதைத் தொடங்கினார். யோசனை எளிமையானது: ஒவ்வொரு தலைப்புக்கும் அந்த விஷயம் தெரிந்த ஒரு மனிதர். அவருக்கு ‘கைடு’ என்று பெயர். வேதியியலுக்கு ஒருவர், பின்னல் வேலைக்கு ஒருவர், வீட்டுக்கடனுக்கு ஒருவர் என்று நூற்றுக்கணக்கான பேர். அவர்கள் எழுதுவார்கள், மற்ற நல்ல தளங்களுக்கு லிங்க் கொடுப்பார்கள். பக்கத்துக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அதைப் பொறுத்து அவர்களுக்கு வருமானம். 1999-இல் தளம் அபவுட்.காம் ஆனது. அடுத்த வருடம் பிரைமீடியா என்ற பத்திரிகை நிறுவனம் சுமார் 69 கோடி டாலர் மதிப்பில் அதை வாங்கப்போவதாக அறிவித்தது. 2005-இல் அதை நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் 41 கோடி டாலருக்கு வாங்கியது.

செய்திப் பத்திரிகை எதற்கு இதை வாங்க வேண்டும்? செய்தியை மறுநாள் யாரும் தேட மாட்டார்கள். ‘சட்டையில் மைக்கறை போக என்ன செய்வது’ என்பதை வருடக்கணக்கில் தேடிக்கொண்டே இருப்பார்கள். அபவுட்.காமுக்கு வந்த கூட்டத்தில் பெரும்பகுதி தேடுபொறி வழியாக வந்தது. வருமானத்திலும் ஒரு பெரிய பங்கு பக்கத்தின் ஓரத்தில் இருந்த கூகுள் விளம்பரங்களிலிருந்து வந்தது. ஆளை அனுப்புவதும் கூகுள், வந்த ஆள் விளம்பரத்தைத் தொட்டால் காசு கொடுப்பதும் கூகுள். 2008, 2009-இல் அச்சு விளம்பரம் சரிந்துகொண்டிருந்தபோது டைம்ஸ் நிறுவனத்துக்கு அபவுட்.காம் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் தன் கையில் இல்லாத ஒரே கதவு வழியாகத்தான் எல்லாமே வந்துகொண்டிருந்தது.

அதே கதவைப் பார்த்து வேறு பலரும் வந்தார்கள். அவர்களில் பெரியது டிமாண்ட் மீடியா. இஹவ் என்ற தளம் அவர்களுடையது. மக்கள் எதைத் தேடுகிறார்கள், அந்தத் தேடலுக்கு விளம்பரம் எவ்வளவு கிடைக்கும் என்று மென்பொருள் கணக்குப் போடும். தலைப்பும் அதிலிருந்தே பிறக்கும். வெளியே இருக்கும் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் ஒரு கட்டுரைக்கு சுமார் 15 டாலருக்கு எழுதித் தருவார்கள். அந்தக் காசுக்கு யாரும் நேரில் போய்ப் பார்த்தோ செய்து பார்த்தோ எழுத முடியாது. ஏற்கெனவே வந்த முதல் சில முடிவுகளைப் படித்து மாற்றி எழுதத்தான் முடியும். 2011 ஜனவரியில் இந்த நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் சந்தை மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பைத் தாண்டியது.

அடுத்த மாதமே கூகுள் ‘பாண்டா’ மாற்றத்தை இறக்கியது. நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர் அது. அமெரிக்காவில் 11.8 சதவீதத் தேடல்களில் முடிவுகள் கண்ணுக்குத் தெரியும்படி மாறின. அது செய்யப்பட்ட விதம் தெரிந்துகொள்ள வேண்டியது. சாதாரண மனிதர்களிடம் தளங்களைக் காட்டிக் கேள்விகள் கேட்டார்கள்: இந்தத் தளத்தில் உங்கள் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுப்பீர்களா? இது சொல்லும் மருந்தை உங்கள் குழந்தைக்குக் கொடுப்பீர்களா? அந்தப் பதில்களோடு ஒத்துப்போகும் அடையாளங்களை இயந்திரம் கண்டுபிடித்து மற்ற தளங்களையும் அதே கண்ணால் தரம் பிரித்தது.

பாண்டா அவசியம் வந்தே ஆகவேண்டிய மாற்றம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அது வராமல் இருந்திருந்தால் 15 டாலர் கட்டுரைகளில் இணையம் மூழ்கியிருக்கும். ஆனால் இப்படிப்பட்ட சல்லடை பெரிய ஓட்டைகளோடுதான் வரும். ஒருவர் எதற்காக எழுதினார் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது, வெளித்தோற்றம்தான் தெரியும். அபவுட்.காமில் விஷயம் தெரிந்தவர்கள் எழுதியவையும் இருந்தன, ஒப்புக்கு எழுதியவையும் இருந்தன. இரண்டும் ஒரே பெயரில், ஒரே வார்ப்பில், விளம்பரங்களுக்கு நடுவில். தளம் அடி வாங்கியது. 2012-இல் அதன் மதிப்பில் 19 கோடி டாலருக்கு மேல் டைம்ஸ் நிறுவனம் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, 30 கோடி டாலருக்கு ஐஏசி நிறுவனத்திடம் விற்றது.

அடி பட்டது பெரிய இடம் மட்டும் இல்லை. மெட்டாஃபில்டர் என்றொரு தளம், உறுப்பினர்கள் கூடிப் பேசும் இடம். 1999-இலிருந்து ஒரு சிறிய குழு நடத்தியது, ஸ்பேமைக் கையால் பொறுக்கி எடுத்து எறிகிற இடம். பாண்டாவுக்கு அப்புறம் வந்த இன்னொரு மாற்றத்தில், 2012 நவம்பரில், ஒரே நாளில் அதன் வரத்து 40 சதவீதம் விழுந்தது. காரணம் என்ன என்று சொல்ல ஆள் இல்லை. 2014-இல் நிறுவனர் மாட் ஹாகி ஊழியர்களைக் குறைக்க வேண்டிவந்ததை வெளிப்படையாக எழுதிய பிறகுதான், அது தரமான தளம், சரிசெய்யப் பார்க்கிறோம் என்று கூகுளின் மாட் கட்ஸ் சொன்னார். ஒரு தனியார் நிறுவனத்தின் உள்ளே நடக்கும் ஒரு சின்ன மாற்றம் வெளியே ஒருவர் வேலையை இழப்பதில் போய் முடிகிறது. முறையிட ஓர் இடம்கூடக் கிடையாது. இந்த அநியாயத்தைப் பற்றி நம் ஊரில் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

சரி, அபவுட்.காமுக்கு வருவோம். 2013-இல் நீல் வோகல் தலைமைக்கு வந்தார். எல்லா விஷயத்தையும் ஒரே கூரையின் கீழ் எழுதும் தளத்தைத் தேடல் இனி நம்பாது என்பது அவருக்குப் புரிந்தது. ஒரு துறையில் மட்டும் நிற்கும் தளங்கள்தான் மேலே வந்துகொண்டிருந்தன. எனவே 2016-லும் 2017-லும் அபவுட்.காமை உடைத்தார்கள். உடல்நலம் வெரிவெல் ஆனது, பணம் தி பேலன்ஸ், வீடு தி ஸ்ப்ரூஸ், தொழில்நுட்பம் லைஃப்வயர், கல்வி தாட்கோ. நிறுவனத்தின் பெயர் டாட்டாஷ். பழைய கட்டுரைகளில் கணிசமானவற்றைத் தூக்கினார்கள், மீதியைப் புதுப்பித்தார்கள், விளம்பரங்களைக் குறைத்தார்கள், பக்கங்களை வேகமாகத் திறக்க வைத்தார்கள். வாசகர் பக்கம் நின்று பார்த்தால் இது நல்ல மாற்றம்தான். கைமாறினாலே தளம் கெட்டுப்போகும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைத்தான் எப்போதும் காட்டுவேன்.

ஆனால் கிட்டத்தட்ட இருபது வருடப் பெயர் ஒன்றைக் கழற்றிப் போட்டதன் காரணத்தையும் பாருங்கள். வாசகர்கள் கேட்டு நடந்ததில்லை அது.

பிறகு டாட்டாஷ் வாங்க ஆரம்பித்தது. பிரைட்ஸ், சிம்ப்ளி ரெசிபீஸ், எட் லெவைன் தொடங்கிய சீரியஸ் ஈட்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக. 2021-இல் 1902-ஆம் வருடத்துப் பத்திரிகை நிறுவனமான மெரிடித்தையே சுமார் 270 கோடி டாலருக்கு வாங்கியது. பீப்பிள், பெட்டர் ஹோம்ஸ் அண்ட் கார்டன்ஸ், ஆல்ரெசிபீஸ் எல்லாம் அதோடு வந்தன. இரண்டே மாதத்தில், 2022 பிப்ரவரியில், என்டர்டெயின்மென்ட் வீக்லி, இன்ஸ்டைல், ஹெல்த் உட்பட ஆறு இதழ்களின் அச்சுப் பதிப்புக்கு முடிவு அறிவித்தார்கள்.

இவ்வளவு விலை எதற்கு? 2018-ஐ ஒட்டி அளவுகோல் இன்னொரு பக்கம் திரும்பியிருந்தது. எழுதுபவருக்கு அந்தத் துறையில் அறிவு உண்டா, தளத்துக்கு வெளியே மதிப்பு உண்டா, நம்பலாமா என்பவற்றுக்குக் கூகுள் அழுத்தம் கொடுத்தது. அந்த வருடம் ஆகஸ்டில் வந்த மாற்றத்தில் சிறிய உடல்நலத் தளங்கள் பல காணாமல் போயின. நோக்கம் நியாயமானது, போலி மருத்துவம் பேசுகிறவர்களைக் கீழே தள்ள வேண்டும். ஆனால் நம்பிக்கையை இயந்திரம் எப்படி அளக்கும்? பெயர் பழையதா, பலர் அறிந்ததா என்பதில்தான் வந்து நிற்கும். அன்றிலிருந்து பழைய பத்திரிகைப் பெயர்களுக்கு விலை ஏறியது.

அதே பெயரை வேறு மாதிரி பயன்படுத்தியவர்களும் உண்டு. தொழில்நுட்பச் செய்திக்கு சிநெட் எவ்வளவு பெரிய பெயர் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். 2008-இல் சிபிஎஸ் என்ற தொலைக்காட்சி நிறுவனம் அதை 180 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. 2020-இல் ரெட் வென்ச்சர்ஸ் என்ற நிறுவனம் 50 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அவர்கள் தொழிலே கிரெடிட் கார்டு, கடன், காப்பீடு போன்றவற்றுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குவது. இந்தத் தலைப்புகளில் தேடலில் மேலே வந்தால் ஒவ்வொரு வாசகரும் பணம். புதிய தளம் தொடங்கினால் மேலே வர வருடங்கள் ஆகும். சிநெட் என்ற பெயரில் எழுதினால் உடனே வரும்.

2022 நவம்பரில் ‘சிநெட் மணி’ என்ற பெயரின் கீழ் சில விளக்கக் கட்டுரைகள் சத்தமில்லாமல் வர ஆரம்பித்தன. எழுதியது மென்பொருள். 2023 ஜனவரியில் இது வெளியே தெரிந்தது. அவற்றில் கூட்டு வட்டியைப் பற்றிய ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 டாலரை 3 சதவீத வருட வட்டியில் போட்டால் முதல் வருட முடிவில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்று அது சொன்னது. சம்பாதிப்பது 300 டாலர்தான், 10,300 என்பது முதலும் சேர்ந்தது. எட்டாம் வகுப்பில் தனிவட்டி போட்ட யாருக்கும் இது கண்ணில் படும். வட்டி என்றால் என்னவென்று தெரியாமல் தேடி வந்தவருக்கு மட்டும்தான் படாது, அந்தக் கட்டுரை அவருக்காகத்தான் எழுதப்பட்டது. மொத்தம் 77 கட்டுரைகள், அவற்றில் 41-க்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. சிநெட்டில் அதுவரை நேர்மையாக எழுதிவந்த நிருபர்களின் பெயரும் இதில் சேர்ந்து கெட்டது. விக்கிபீடியா ஆசிரியர்கள் சிநெட்டை நம்பகமான மூலங்களின் பட்டியலிலிருந்து இறக்கினார்கள்.

அதே வருடம் ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. பழைய கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் சிநெட் அழித்தது. பழையது நிறைய இருந்தால் தேடலில் மதிப்புக் குறையும் என்ற நம்பிக்கையில் செய்தது இது. அப்படி ஒன்றும் கிடையாது, பழசு என்பதற்காக அழிக்காதீர்கள் என்று கூகுள் தரப்பே சொன்னது. இணையத்தின் தொடக்க காலத்தை அன்றன்றைக்கு எழுதிவைத்த பதிவுகளும் அந்தத் தளத்தில்தான் இருந்தன. தேடுபொறி கேட்கக்கூட இல்லாத ஒன்றை, கேட்கும் என்று நினைத்துச் செய்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். கூகுள் உண்மையில் செய்யும் மாற்றத்தைவிட, கூகுள் இதைத்தான் விரும்பும் என்ற ஊகம் இணையத்தை அதிகமாகத் திருத்தி எழுதியிருக்கிறது. ஒரு சமையல் குறிப்புக்கு முன்னால் ஏன் அத்தனை நீளக் கதை வருகிறது, ஏன் எல்லாக் கட்டுரையிலும் அதே உபதலைப்புகள் வருகின்றன என்பதற்கெல்லாம் பெரும்பகுதி பதில் அந்த ஊகத்தில் இருக்கிறது. கடைசியில் 2024-இல் சிநெட் ஜிஃப் டேவிஸ் நிறுவனத்துக்குப் போனது, முன்பு கொடுத்த விலையில் ஒரு சிறு பகுதிக்கு.

பழைய பெயர்களின் இந்த மறுபயன்பாட்டில் நசுங்கியது சின்னத் தளங்கள். காற்றுச் சுத்திகரிப்பான்களை உண்மையிலேயே வாங்கி, ஒரே அறையில் வைத்துச் சோதித்து எழுதும் ஹவுஸ்ஃபிரெஷ் என்ற தளம் 2024 பிப்ரவரியில் ஒரு நீண்ட கட்டுரை போட்டது. பெரிய பத்திரிகைகளின் பெயரில் வரும் ‘சிறந்த பத்து’ பட்டியல்கள் சோதித்ததற்கான சான்றே இல்லாமல் தங்களுக்கு மேலே நிற்பதை ஒவ்வொன்றாகக் காட்டியது. அதில் சொல்லப்பட்ட பெயர்களில் பெட்டர் ஹோம்ஸ் அண்ட் கார்டன்ஸும் ஒன்று, மேலே சொன்ன அதே டாட்டாஷ் மெரிடித்துக்குச் சொந்தமானது. நன்றாக உடைத்துக் கட்டியவர்கள் என்று நான் மெச்சிய அதே நிறுவனம். கூகுள் அந்த வருடம் மார்ச்சில் ஒரு புது விதி கொண்டுவந்தது: வேறு ஆட்கள் எழுதியதை ஒரு தளத்தின் நற்பெயரைப் பயன்படுத்தி ஏற்றுவது குற்றம் என்று. நவம்பரில் அதை இன்னும் இறுக்கியது. ஃபோர்ப்ஸ் பெயரில் நடந்த பரிந்துரைப் பிரிவு உட்படப் பல அதில் சரிந்தன. ஹவுஸ்ஃபிரெஷோ அதற்குள் தன் தேடல் வரத்தில் பெரும்பகுதியை இழந்திருந்தது.

இதைவிட மனதை உறுத்துவது செத்துப்போன பெயர்களின் வியாபாரம். ஆப்பிள் செய்திகளுக்கென்று டியூஏடபிள்யூ என்ற வலைப்பதிவு இருந்தது. 2005-இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் அதைத் தாய் நிறுவனத்தோடு வாங்கியது, 2015-இல் மூடியது. 2024-இல் யாரோ அந்த டொமைனை வாங்கி மறுபடி திறந்தார்கள். பழைய எழுத்தாளர்களின் பெயர்கள் அப்படியே இருந்தன, முகங்கள் மட்டும் மென்பொருள் வரைந்தவை. பெயருக்குக் கீழே அவர்கள் எழுதாத கட்டுரைகள். சம்பந்தப்பட்டவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் பெயர்கள் மாறின. காலாவதியான டொமைனை வாங்கி அதன் பழைய மதிப்பில் சவாரி செய்வதையும் அந்த மார்ச் விதிகளில் கூகுள் தடை செய்திருந்தது. விதி இருந்தும் இது நடந்தது.

தேடலுக்குச் சம்பந்தமே இல்லாமல் கைமாறியதாலேயே அழிந்தவையும் உண்டு. யாஹூதான் இதில் முதல் இடம். 1999-இல் சுமார் 350 கோடி டாலர் மதிப்பில், யார் வேண்டுமானாலும் சொந்தப் பக்கம் போட்டுக்கொள்ளும் ஜியோசிட்டீஸை வாங்கியது, 2009-இல் மூடியது. 2000-இல் இகுரூப்ஸ் என்ற மடற்குழுச் சேவையை வாங்கி யாஹூ குழுமங்கள் ஆக்கியது. இணையத் தமிழுக்கு இந்தக் குழுமங்கள் எவ்வளவு முக்கியம் என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். வலைப்பதிவு வருவதற்கு முன் மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற குழுமங்களில்தான் கதையும் கவிதையும் சண்டையும் ஆராய்ச்சியும் நடந்தன. 2017-இல் யாஹூ வெரைசன் என்ற தொலைபேசி நிறுவனத்தின் கைக்குப் போனது. பழைய மடல்களை அழிக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவித்தார்கள், பிறகு அழித்தார்கள், 2020 டிசம்பரில் சேவையே நின்றது. யாரும் பிரதி எடுத்து வைக்காத மடல்கள் போனது போனதுதான். கோடிக்கணக்கில் டாலர் புரளும் ஒரு விற்பனையின் கணக்கில் தமிழ் மடற்குழு ஒரு வரியாகக்கூட வந்திருக்காது.

இப்போது அளவுகோல் இன்னொரு முறை மாறுகிறது, இது முந்தையவை எல்லாவற்றையும்விடப் பெரியது. 2024 மே மாதத்தில் கூகுள் அமெரிக்காவில் தேடல் முடிவுகளுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தைக் காட்ட ஆரம்பித்தது. முதல் வாரங்களிலேயே, பீட்சாவில் சீஸ் ஒட்டாவிட்டால் பசை கலக்கச் சொல்லி ஒரு பதில் வந்தது நினைவிருக்கலாம். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் பதினொரு வருடங்களுக்கு முன் ஒருவர் விளையாட்டாக எழுதிய கருத்து அது. அது தற்செயலாக அங்கிருந்து வந்துவிடவில்லை. மூன்று மாதங்களுக்கு முன்புதான் ரெடிட் பதிவுகளைப் பயன்படுத்தக் கூகுள் ஒப்பந்தம் போட்டிருந்தது, வருடத்துக்கு சுமார் 6 கோடி டாலர் என்று செய்தி வந்தது.

இதில்தான் வாங்கல் விற்றல் வேறு உருவம் எடுக்கிறது. வாசகர் பதிலைத் தேடல் பக்கத்திலேயே படித்துவிட்டுப் போனால், தளத்துக்கு வரும் கூட்டத்தின் விலை குறைகிறது, தளத்தில் குவிந்திருக்கும் எழுத்தை இயந்திரத்துக்குக் கொடுக்கும் உரிமையின் விலை கூடுகிறது. அபவுட்.காமின் வாரிசே இதற்கும் சாட்சி. 2024 மே மாதத்தில் டாட்டாஷ் மெரிடித், சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐயோடு உரிம ஒப்பந்தம் போட்டது. 2025-இல் பீப்பிள் இன்க் என்று பெயரை மாற்றிக்கொண்டது. முன்பு பாதிக்கு மேல் கூகுள் தேடலிலிருந்து வந்துகொண்டிருந்த வரத்து இப்போது கால்வாசிக்கும் கீழே வந்துவிட்டது என்று நீல் வோகல் அந்த வருடம் மேடையில் சொன்னார். அவருடைய முக்கியப் புகார் நியாயமானது: தேடலுக்காகத் தளத்தைப் படிக்கும் அதே கூகுள் இயந்திரம்தான் சுருக்கத்துக்காகவும் படிக்கிறது. அந்த இயந்திரத்தைத் தடுத்தால் தேடலும் சேர்ந்து போய்விடும். தேடலில் தன் இடத்தை இழக்கத் துணிந்தவர்தான் மறுக்க முடியும், அதாவது பெரும்பாலோரால் முடியாது.

நீதிமன்றம் ஒன்றும் செய்யாமல் இல்லை. தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்புக் கொடுத்தார். ஐபோனில் தானே இயல்பான தேடுபொறியாக இருப்பதற்கு ஆப்பிளுக்கு 2022-இல் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்தது அந்த வழக்கில்தான் வெளியே வந்தது. 2025 செப்டம்பரில் சொன்ன பரிகாரத்தில் குரோமை விற்கச் சொல்லவில்லை. போட்டியாளர்களை ஒதுக்கிவைக்கும் பிரத்யேக ஒப்பந்தங்களைத் தடுத்தார், போட்டியாளர்களுக்குச் சில தரவுகளைக் கொடுக்கச் சொன்னார். எழுதுகிறவர்களுக்கு இதிலிருந்து நேராக எதுவும் வந்து சேரவில்லை.

ஆக, கேட்டவருக்கு நேரடியாகச் சொல்கிறேன். ஒரு தளத்தை நம்பலாமா என்று பார்க்க, பக்கத்தின் அடிவரைக்கும் போய்க் பதிப்புரிமை வரியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பெயரைத் தேடினால் இன்னும் எத்தனை தளங்கள் அவர்கள் கையில் இருக்கின்றன என்று தெரியும். பல சமயம் நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த மூன்று தளங்களும் ஒரே முதலாளியுடையவையாக இருக்கும். அப்புறம் முகவரியை, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் போட்டு ஐந்தாறு வருடம் முன்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். எழுதியவர்கள் ஒரே மாதத்தில் கூண்டோடு மாறியிருந்தால் அந்த மாதத்தில்தான் விற்பனை நடந்திருக்கும். பிடித்த தளங்களுக்குத் தேடல் வழியாகப் போகாதீர்கள், புக்மார்க்கிலோ, புதிய பதிவுகளைத் தானே கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் ஓடையிலோ சேர்த்து வைத்து நேராகப் போங்கள். ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-இல் போய்விட்டாலும் ஓடை படிக்கும் செயலிகள் நிறையவே இருக்கின்றன.

நீங்களே எழுதுகிறவர் என்றால் இன்னும் கொஞ்சம். பிளாக்ஸ்பாட்டில் எழுதினாலும் சொந்த டொமைன் ஒன்றை அதில் இணைத்துக்கொள்ளுங்கள், அமைப்புகளில் இருக்கும் காப்புப் பிரதியை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமான பதிவுகளை வேபேக் மெஷினில் நீங்களே சேமித்துவிடுங்கள். வாசகர்களின் மின்னஞ்சல் முகவரி உங்களிடம் இருக்கட்டும், தேடல் வரத்து நின்றாலும் அவர்களுக்கு நேராக எழுதலாம். ஒருநாள் எழுதுவதை நிறுத்தினாலும் டொமைனை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் செலவு. விட்டுவிட்டால், உங்களுக்கு மற்றவர்கள் கொடுத்த லிங்குகளோடு அது ஏலத்துக்கு வரும், எடுப்பவர் உங்கள் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார்.